நிழல் வேலைக்குப் போன பதினோரு நாட்கள்

இந்தக் கதையை நான் முப்பத்தேழு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். சொன்னவள் என் அக்கா வடிவு. பொய் சொல்லி அவளுக்கு ஆகப்போவது எதுவும் இல்லை, அவள் அப்படிப்பட்டவளும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை அவள் சொல்லி முடித்த பிறகும், பஸ் ஏறி வீடு திரும்பும் வழியில் நான் அதில் ஏதாவது ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து, அடுத்த முறை போகும்போது அதைக் கேட்டு, அவள் அதற்கும் பதில் சொல்லி, மறுபடியும் இன்னோர் ஓட்டையோடு திரும்பியிருக்கிறேன். நிழல் நடந்தபோது செருப்புச் சத்தம் கேட்டதா என்று கேட்டேன், கேட்கவில்லை என்றாள். சாரலில் நனைந்ததா என்று கேட்டேன். அது விழுந்த சுவர்தான் நனைந்தது என்றாள். ஆலங்கால் மில் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது, வருகைப் பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டது, அங்கே வேலை பார்த்தவர்களில் மிச்சமிருக்கிற நாலைந்து பேரும் அதைப் போன வருஷத்து மழையைப் பற்றிச் சொல்வதுபோலப் பாதி சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் நான் கேட்டதைக் கேட்டபடியே சொல்கிறேன். சந்தேகத்தையும் கூடவே வைத்துக்கொள்கிறேன். அது இல்லாமல் இதைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அக்காவின் கணவர் தவமணி அத்தான் மலையடிவாரத்தில் இருந்த அந்த நூல் மில்லில் பதிலி ஆளாக இருந்தார். நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவன் இடத்தில் நிற்கிறவன் பதிலி. காலை ஏழு மணிச் சங்கு ஊதுவதற்கு முன்னால் வாசலில் வரிசையில் நிற்கவேண்டும், எத்தனை பேர் தேவையோ அத்தனை பேரைச் சுடலை மேஸ்திரி உள்ளே விடுவார். ஒரே ஓட்டமாக இருநூற்று நாற்பது நாள் வந்தவனுக்கு நிரந்தரம். ஒரு நாள் தவறினாலும் அவன் சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். அது அந்த மில் தானாக வைத்துக்கொண்ட சட்டம், அதைக் கேட்பார் இல்லை. அத்தானின் சீட்டு இரண்டு முறை கிழிந்திருந்தது. ஒருமுறை நூற்றுத் தொண்ணூறாவது நாளில் வந்த காய்ச்சலால், இன்னொருமுறை இருநூற்று இருபத்தோராவது நாளில் அவருடைய அப்பா செத்துப்போனதால். மூன்றாவது ஓட்டத்தில் அவர் இருநூற்று முப்பத்திரண்டு நாள் முடித்திருந்தபோது கடிதம் வந்தது.

கடிதம் கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. அங்கே எங்கள் சித்தி இருந்தாள், சித்தப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. சித்திக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தபோது ஒத்தாசைக்குப் போன அக்கா, அங்கேயே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதும் பத்தும் படித்துவிட்டு இரண்டு வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்பினாள். சித்தி வீட்டுக்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் ‘ஐந்து விளக்கு’ என்று ஒரு பாட்டுக் குழு ஒத்திகை பார்க்கும். ஐந்து பேரும் சுரங்கத் தொழிலாளிகள். வேலை முடிந்து மேலே வந்ததும் தலைவிளக்கைக் கூடக் கழற்றாமல் கிதாரும் டிரம்மும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். சினிமாப் பாட்டுப் பாடுவதில்லை, தாங்களே கட்டிய பாட்டுகள்தான். கூண்டு கீழே இறங்குவதைப் பற்றி ஒன்று, மேலே வந்ததும் வெயில் அடிக்கிற கண்ணைப் பற்றி ஒன்று, இப்படிப் பதினோரு பாட்டு. அவர்கள் அந்த ஊரைவிட்டு வெளியே போய்ப் பாடியதே இல்லை, வருஷத்துக்கு ஒருமுறை அங்கே கால்பந்து மைதானத்தில் பாடுவார்கள், அவ்வளவுதான். ஒலிநாடா ஒன்று போட்டார்கள், அதிலும் இருநூறு பிரதிகள்தான். அக்கா கல்யாணமாகி வந்தபோது பெட்டியில் அதில் ஒன்று இருந்தது.

அந்த ஒலிநாடாதான் அத்தானைப் பிடித்துக்கொண்டது. முதல் வாரம் சும்மா கேட்டார். இரண்டாவது வாரம் வேலைக்குப் போகும்போது முணுமுணுத்தார். ஒரு வருஷத்தில் ஊரில் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. தவமணி வீட்டைத் தாண்டும்போது கூண்டு இறங்கும் சத்தம் கேட்காவிட்டால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். நாடா இரண்டு முறை அறுந்தபோது நூல் மில்லில் இழை ஒட்டும் அதே விரல்களால், எச்சில் தொட்டு, நகம் வைத்து ஒட்டினார். அந்த ஐந்து பேரை நேரில் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்று அவர் சொல்லாத நாள் இல்லை. நிரந்தரமானதும் போகலாம் என்று அக்கா சொல்வாள். நிரந்தரமானதும், என்று அவரும் சொல்வார்.

‘வடிவுக்குச் சித்தி எழுதுவது’ என்று கடிதம் ஆரம்பித்தது. பாடுகிறவருக்குச் சுரங்கத் தூசியில் நெஞ்சு போய்விட்டது, டாக்டர் பாடவே கூடாது என்கிறார், வருகிற ஞாயிறு அல்ல அதற்கு அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு மைதானத்தில் பாடுவதுதான் கடைசி, அதற்குப் பிறகு ஐந்து விளக்கு இல்லை, நீ அந்தச் சுவரில் காதை வைத்துக்கொண்டு கிடந்தவளாயிற்றே, அதனால் எழுதுகிறேன் என்று எழுதியிருந்தாள். அக்கா கடிதத்தை வாய்விட்டுப் படித்தாள். அத்தான் கேட்டுவிட்டு, “நான் போணும்,” என்றார். அக்கா கடிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

கடைசிக் கச்சேரி நடக்கும் ஞாயிறு அத்தானின் இருநூற்று நாற்பதாவது நாளாக இருந்தது. மில்லுக்கு ஞாயிறு, திங்கள் கிடையாது.

அவர் சுடலை மேஸ்திரியிடம் லீவு கேட்டார்.

“பதிலிக்கு ஏதுல லீவு,” என்றார் மேஸ்திரி. “ஒங்க அப்பன் செத்ததுக்கே சீட்டக் கிழிச்சோம். இப்ப யாரு செத்தா?”

“யாரும் சாகல. பாட்டுக் கேக்கப் போணும்.”

மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கல்யாணமான ஆளு நீ. எங்கிட்டச் சொன்னத வேற யாருகிட்டயும் சொல்லிராத.”

அந்த மாதம் பஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள், ரயிலில் கதவுக் கம்பியில் கூடத் தொங்க இடமில்லை என்று பேப்பரில் படம் போட்டிருந்தான், இரண்டு நாள் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னதாகக் கிளம்பினாலும் போய்ச் சேருவது நிச்சயமில்லை என்றிருந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் அத்தான் எழுந்தார். அவர் எழுந்தார், சுவரில் அவர் நிழல் எழவில்லை, அது சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே இருந்தது. அவர் நடந்து வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார். அது அங்கேயே இருந்தது.

“அது மில்லுக்குப் போயிரும்,” என்று அத்தான் அக்காவிடம் சொன்னார். “வழி தெரியும்.”

“சாப்பிடுமா?”

“தெரியல. வச்சுப் பாரு.”

இரண்டு வேட்டி, ஒரு துண்டு, ஒரு சட்டை, சோற்று மூட்டை, அவ்வளவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவர் கிழக்கே பார்த்து நடந்தார். காலடியில் எதுவும் இல்லாமல் அவர் போவதை அக்கா தெருமுனை வரை பார்த்தாள். பிறகு உள்ளே வந்து நிழலுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னாள். அது எழுந்து போயிற்று.

இதில் நான் முதலில் கண்ட ஓட்டை, வருகை எப்படிப் பதிவானது என்பதுதான். அதற்குப் பதில் ஆசீர்வாதத்திடம் இருந்தது. ஆசீர்வாதம் மில்லின் நேரக் காப்பாளர், வாசலில் கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர். வரிசை அந்த ஜன்னலை உரசிக்கொண்டு நகரும், வெயில் ஆட்களின் முதுகில் அடிக்கும், ஒவ்வொருவன் நிழலும் ஜன்னல் வழியாக அவர் முன்னால் விரிந்திருக்கும் பதிவேட்டில் விழும். இருபத்தாறு வருஷம் அந்த வேலையைப் பார்த்த ஆசீர்வாதம் தலையைத் தூக்கி முகம் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார். தாளில் விழும் நிழலைப் பார்ப்பார், காதும் தோளும் முண்டாசும் பார்த்து இன்னார் என்று தெரிந்துகொள்வார், டிக் போடுவார். மில்லில் முகத்தை வைத்து அவருக்கு யாரையும் தெரியாது என்றும், கடைத்தெருவில் அவர் ஆட்களின் காலடியைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்வார் என்றும் கிண்டல் செய்வார்கள். திங்கட்கிழமை காலை தவமணியின் நிழல் தாளில் விழுந்தது. அவர் டிக் போட்டார். அவர் அளவில் அன்றைக்குப் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை.

வரிசையில் நின்றவர்களுக்கு மட்டும் கொஞ்சம் தயக்கம் இருந்தது. நிழலுக்குப் பின்னால் நின்றவன் ஓர் ஆள் இடம் விட்டு நின்றான், அவனுக்குப் பின்னால் இருந்தவன் ஏன் இடம் விடுகிறாய் என்று தள்ளினான், பிறகு அவனும் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

“தவமணி வந்திருக்கானா?” என்று மேஸ்திரி கேட்டார்.

“வந்திருக்கான்னுதான் சொல்லணும்,” என்றான் பின்னால் நின்றவன்.

மேஸ்திரி தரையைப் பார்த்தார். “அப்பம் சரி. உள்ள போ,” என்றார் தரையிடம்.

நிழல் வேலை செய்தது. கதிர்கள் சுற்றுகிற எந்திரத்தின் முன்னால் தரையில் நின்று, அறுந்த இழையின் நிழலைத் தன் விரல் நிழலால் எடுத்து ஒட்டியது, மேலே நிஜ இழையும் ஒட்டிக்கொண்டது. அது டீ குடிக்கப் போகவில்லை, மூத்திரம் பெய்யப் போகவில்லை, பக்கத்து எந்திரத்துக்காரனிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் மானேஜர் வந்து பார்த்துவிட்டு, மற்றவர்களும் இப்படி அனுப்ப முடியுமா என்று விசாரித்தார். சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். நிழலை உறுப்பினராகச் சேர்ப்பதா, கருங்காலி என்று அறிவிப்பதா என்று இரண்டு மணி நேரம் பேசி, தவமணியின் சந்தா கட்டியிருப்பதால் அவரைச் சேர்ந்த எதுவும் உறுப்பினர்தான் என்று தீர்மானம் போட்டார்கள். சுடலை மேஸ்திரிக்கே மகள் வீட்டு விசேஷத்துக்குப் போகவேண்டியிருந்தது. ஒருநாள் விடிகாலையில் அவர் தன் நிழலை மில் சுவரில் நிறுத்திவிட்டு மெதுவாக விலகிப் பார்த்தார். அது கூடவே விலகியது. இரண்டு மூன்று பேர் அதையே செய்து பார்த்தார்கள். யாருக்கும் வரவில்லை. “அதுக்குத் தக்கன ஏதோ ஒண்ணு வேணும்ல,” என்றார் மேஸ்திரி. என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் நிழல் சுவரில் உட்காரும். அக்கா தட்டில் சோறு வைத்தாள். அதன் கை தட்டின் மேல் வந்து போயிற்று, சோறு குறையவில்லை, ஆனால் பிறகு அதை எடுத்துச் சாப்பிட்டபோது ருசி ஒன்றும் இல்லாமல் இருந்தது என்றாள். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள்.

“அடியே வடிவு, ஒம் மாப்பிள்ளை இப்பம் எப்படி, முன்னைக்கு இப்பம் தேவலையா?”

“பேச்சுத்தான் இல்ல.”

“முன்ன மட்டும் என்ன பேசினாவ. அந்தப் பாட்டுப் பொட்டிதான பேசிக்கிட்டுக் கெடந்துச்சு.”

அத்தான் இதற்குள் எங்கே இருந்தார் என்பதை அவர் பின்னால் அக்காவிடம் சொல்லி, அக்கா என்னிடம் சொன்னாள். திருநெல்வேலி வரை நடந்தார். அங்கே ஒரு வெங்காய லாரியில் மூட்டைகளுக்கு மேல் படுத்துத் திண்டுக்கல் போனார், திண்டுக்கல்லில் ஒரு பகல் முழுக்க நின்று சேலத்துக்கு ஒரு சாமான் வண்டியைப் பிடித்தார், சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயிலில் ஒற்றைக்காலில் நின்றார், அங்கே ஒரு நாள் கிடந்து அடுத்த ரயிலில் ஏறினார், அது குப்பத்தில் நின்று இனி நகராது என்றார்கள், ஆகவே தண்டவாளத்தின் ஓரமாக ஜல்லிக்கல் மேல் ஒன்றரை நாள் நடந்தார். வழியில் ஒரு டீக்கடைக்காரன் அவர் காலடியைப் பார்த்துவிட்டு, டீயைக் கையில் கொடுக்காமல் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனான். நிழல் இல்லாதவனுக்கு வெயில் எந்தப் பக்கமும் நிற்காது, உள்ளே வந்தது அப்படியே தங்கிவிடும் என்று அவர் சொன்னாராம். பாதம் வெடித்து ரத்தம் வந்தது. வலிக்கவில்லை. அதுதான் அவருக்கு முதலில் விநோதமாகப் பட்டது, ஆனால் கச்சேரிக்கு நேரமாகிக்கொண்டிருந்ததால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, இருநூற்று நாற்பதாவது நாள், ஆலங்காலில் வெயில் வரவில்லை. மலையிலிருந்து சாரல் இறங்கி ஊரை மூடியிருந்தது, கரண்டும் போயிருந்தது, ஆறரை மணிக்குக் கூட வாசலில் எதிரே நிற்பவன் யார் என்று தெரியவில்லை. அக்கா அடுப்பு வெளிச்சத்தில் நிழலைப் பார்த்தாள், கதவைத் திறந்துவிட்டாள், அது வெளியே போனதும் காணவில்லை. அவள் தன் ஒன்றரை வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வழிக்கு விளக்கு வேண்டுமென்று அத்தானின் சைக்கிளை ஒரு கையால் உருட்டிக்கொண்டு மில்லுக்கு ஓடினாள். வரிசை நின்றிருந்தது, தவமணியின் இடத்தில் யாரும் இல்லை, தரையிலும் எதுவும் இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் ஆசீர்வாதம் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் முதல்தடவையாகத் தலையைத் தூக்கி ஒவ்வொருவனிடமும் பேரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இங்கனதான் நிக்காரு,” என்றாள் அக்கா மேஸ்திரியிடம். “வெளிச்சம் இல்ல. அவ்வளவுதான்.”

மேஸ்திரி வரிசையைப் பார்த்தார். அவர் கிழித்த இரண்டு சீட்டுகளையும் அவர் நினைத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. “லேய், சைக்கிள் வச்சிருக்கவன்லாம் இங்க கொண்டாங்கல,” என்றார்.

பத்து சைக்கிள்களை வரிசைக்குப் பின்னால் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள், பத்து பேர் ஏறி உட்கார்ந்து மிதித்தார்கள், பின்சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின, டைனமோக்கள் முனகின, பத்து விளக்குகள் எரிந்தன. வெளிச்சம் எதனுடைய நிழல் என்று கேட்பதில்லை. வரிசையின் நடுவில் காலியாக இருந்த இடத்திலிருந்து தவமணி விழுந்தார், ஆனால் பத்து விளக்குக்குப் பத்து தவமணிகள், விசிறிபோல விரிந்து, ஒருவன்மேல் ஒருவன் ஏறிக்கொண்டு, எல்லோரும் வெளிறிப்போய்.

ஆசீர்வாதம் தாளைப் பார்த்தார். “பத்துப் பேருக்கு ஒரு நம்பர்தான் இருக்கு. யாராவது ஒருத்தனை அனுப்புங்க, மத்தவன் வீட்டுக்குப் போகட்டும்.”

“எல்லாவனும் எறங்குங்க,” என்றார் மேஸ்திரி. “யாராவது ஒருத்தன் மிதி.”

இறங்கினார்கள். ஒருவன் மிதித்தால் அவன் வரிசையில் நிற்க முடியாது, நின்றால்தான் அவனுக்கு டிக். எல்லோரும் பதிலிகள். அக்கா குழந்தையை, கூடவே ஓடிவந்திருந்த இசக்கியம்மாளிடம் கொடுத்தாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தானின் சைக்கிளில் ஏறினாள். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஸ்டாண்டு போட்டு நிற்கும் சைக்கிளுக்கு ஓட்டத் தெரியவேண்டியதில்லை.

“எங்கடி கெளம்பிட்ட?” என்றாள் இசக்கியம்மாள். வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அவள் மிதித்தாள். ஒற்றை விளக்கில் ஒரு தவமணி தெளிவாக, கறுப்பாக விழுந்தார். வரிசையில் அவருக்கு முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள், ஆசீர்வாதம் பேர் கேட்டுக் கேட்டு எழுதுவதால் வரிசை ஊர்ந்தது, அவள் கால் தளர்ந்தால் விளக்கு மங்கும், விளக்கு மங்கினால் அவர் மங்குவார், ஆகவே அவள் நிறுத்தவில்லை. அரை மணி நேரம் சாரலில் நனைந்துகொண்டு, எங்கும் போகாத சைக்கிளை அவள் மிதித்தாள். நிழல் ஜன்னலை அடைந்து தாளில் விழுந்தது. டிக் விழுந்தது. உள்ளே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் கவலையில்லை. அவள் இறங்கியபோது தொடை இரண்டும் தன்னுடையது மாதிரி இல்லை என்று சொன்னாள். குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் துணி துவைத்தாள்.

அன்று மாலை நாலு மணிக்கு அத்தான் கோலார் தங்கவயலின் மைதானத்தில் முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஐந்து பேர் தலைவிளக்கோடு மேடைக்கு வந்தார்கள். பாடுகிறவர் ஒல்லியாக, கைலி கட்டிக்கொண்டு, இரண்டு வரிக்கு ஒருமுறை பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு பாடினார். நாலாவது பாட்டில் இருமல் வந்து நிறுத்திவிட்டார், கூட்டம் மீதியைப் பாடி முடித்தது, அத்தானும் பாடினார். பதினோரு பாட்டும் அவருக்கு வரி பிசகாமல் தெரியும், பதினொன்றும் வந்தன, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. காதில் விழுந்தது, பார்த்தார், வாய் பாடியது, அவ்வளவுதான். வெயில் சாய்ந்து மேடை விளக்குகள் கூட்டத்தின் மேல் திரும்பியபோது, மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற சுரங்க மண்மேட்டில் கூட்டத்தின் நிழல் முழுக்க ஆடியது. அவர் திரும்பித் தன்னுடையதைத் தேடினார். ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மற்றவர்கள் ஆடினார்கள்.

அதே நேரத்தில் ஆலங்காலில் நிழல் வேலை முடிந்து வந்து சுவரில் உட்கார்ந்திருந்தது. சாரல் விட்டு, மேற்கு ஜன்னலில் கொஞ்சம் வெயில் வந்திருந்தது. அக்கா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நிழல் முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தது. பிறகு தலை ஆடியது, தோள் ஆடியது, அது எழுந்து நின்றது, இரண்டு கையையும் மேலே தூக்கியது. சுவர் முழுக்க அது ஆடியது என்றாள் அக்கா. அத்தானை அப்படி ஆடி அவள் பார்த்ததில்லை. நாலாவது பாட்டு என்று அவள் கணக்கு வைத்திருந்த நேரத்தில் அது நின்று, முகத்தைக் கையால் மூடிக்கொண்டது, தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று நிழலில் தெரியாது. அவள் குழந்தையை இறக்கிவிட்டு எழுந்து போய்ச் சுவரில் காதை வைத்தாள்.

“என்ன கேட்டுச்சு?” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“சுவருதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. பக்கத்துல என் நெழலும் இருந்துச்சு. அது சும்மா இருந்துச்சு.”

அத்தான் வெள்ளிக்கிழமை காலையில்தான் திரும்பினார்; அதற்குள் பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. அவர் முற்றத்தில் நின்றார், நிழல் மில்லுக்குக் கிளம்பத் தயாராக இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு அது சுவரிலிருந்து இறங்கி, தரையில் ஊர்ந்து, அவர் காலடியில் வந்து படுத்துக்கொண்டது. அக்கா தண்ணீர் கொடுத்தாள். எப்படி இருந்தது என்று கேட்டாள்.

“அது கேட்டுச்சு. நான் பாத்தேன்,” என்றார்.

நிரந்தர உத்தரவு அடுத்த வாரம் வந்தது. மானேஜர் அறிவிப்புப் பலகையில், நிழலை அனுப்புகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகத் தெரிவிக்கவேண்டும் என்று ஒரு காகிதம் ஒட்டினார். அது மஞ்சளாகி, கிழிந்து, மேலே வேறு காகிதங்கள் ஒட்டப்பட்டு மறைந்தது. குழந்தை பிறந்த வருஷம் தெரியாதவர்கள் நிழல் வேலைக்குப் போன வருஷத்துக்கு முன்னாலா பின்னாலா என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். ஆசீர்வாதம் ஓய்வுபெற்றார். வாசலில் அட்டை குத்துகிற எந்திரம் வந்தது. அத்தான் மில் மூடும்வரை இருபத்திரண்டு வருஷம் ஒரு நாள் தவறாமல் வேலைக்குப் போனார். அவருடைய நிழல் அவர் செய்வதையெல்லாம் செய்தது, அரை நொடி தாமதமாக. அதைக் கவனித்தவர்கள் சிலர் உண்டு, நான் கவனித்தேனா அல்லது சொன்னதால் கவனித்ததாக நினைக்கிறேனா என்று இன்றைக்கும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அந்த ஒலிநாடாவை அவர் பிறகு போடவே இல்லை. தீபாவளி, பொங்கலுக்குப் போகும்போது நான் பார்த்த அத்தான், பேசினால் பதில் சொல்கிற, சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிற ஒரு மனிதர். அவரிடம் நான் இதைக் கேட்டதே இல்லை. பயமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். எனக்கும் இப்போதெல்லாம் பல விஷயங்கள் அப்படித்தான் காதில் விழுந்துவிட்டுப் போகின்றன, நான் எதையும் எங்கும் அனுப்பிவைத்ததாக நினைவில்லை.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் கோலார் தங்கவயலுக்குப் போனேன். சுரங்கம் மூடிக் கிடந்தது. ஐந்து விளக்கில் டிரம் வாசித்தவர் மட்டும் இருந்தார். கடைசிக் கச்சேரியில் முன்வரிசையில் நிழல் இல்லாத ஒருத்தரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் என்னைக் கோபமில்லாமல் பார்த்தார். “அன்னைக்கு நாங்க அழுதுகிட்டு இருந்தோம் தம்பி,” என்றார். பிறகு, எந்த வீடு என்று கேட்டார், சித்தி வீட்டைச் சொன்னேன். “பின்சுவர் பக்கம் ஒரு பொண்ணு இருக்குமே. நாங்க தப்பா வாசிச்சா அந்தப் பக்கத்துல இருந்து சிரிக்கும். சிரிச்சா மறுபடி வாசிப்போம்,” என்றார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை. நான் நிழலைப் பற்றி விசாரிக்கப் போயிருந்தேன்.

அத்தான் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனேன். இந்த முறை ஒரு புது ஓட்டையோடுதான் போனேன்: சாரல் நாளில் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்த ஆசீர்வாதத்தின் தாளில், எதிரே இருந்து வரும் அந்த வெளிச்சத்தை மீறி நிழல் எப்படி விழுந்திருக்கும் என்று. அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அறுபத்திரண்டு வயது, முழங்கால் போய்விட்டது. பீரோவில் மூக்குக்கண்ணாடியை எடுத்து வரச் சொன்னாள். அங்கே கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்த ஒலிநாடா இருந்தது. நான் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உறையின் உட்பக்கத்தில் பள்ளிக்கூடக் கையெழுத்தில் ‘ச. வடிவு, பத்தாம் வகுப்பு’ என்று எழுதியிருந்தது, கீழே பதினோரு பாட்டின் பெயர்கள், அதற்கும் கீழே, ஒலிநாடாவில் இல்லாத இன்னும் மூன்று பாட்டுகளின் பெயர்கள், சுவர் வழியாக மட்டும் கேட்டவை.

கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் போட்டுக்கொண்டு மறுபடி கீரையைக் கையில் எடுத்தாள்.

“என்னல, கேக்க வந்தத கேளு,” என்றாள். “இந்தத் தரம் என்ன, மெழுகுவர்த்தியா, சைக்கிளா?”

நான் தரையில் அவள் எதிரே உட்கார்ந்தேன். ஆய்ந்த காம்புகள் ஒரு பக்கமும் இலைகள் ஒரு பக்கமும் குவிந்துகொண்டிருந்தன. ஜன்னல் வெயிலில் அவள் கைகளின் நிழல் முறத்தில் விழுந்து, அவள் செய்வதைச் செய்துகொண்டிருந்தது.

“அக்கா,” என்றேன், “அந்தக் கடுதாசி ஒனக்குத்தான வந்துச்சு. நீ ஏன் போகல?”